அட்டை ஆஸ்பத்திரிக்கு, மொய் வீட்டுக்கு

நடுவர் அய்யா அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அக்கா, அண்ணன்மார்களே, ஆடி மாதத்தில் கறிச்சோறு போடாத ஒரு கூட்டத்துக்கு இவ்வளவு பேர் திரண்டு வந்திருக்கும் பேராவூரணி வட்டாரத்துப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அடிபட்டுக் கிடக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் மருத்துவச் செலவுக்குப் பெரிதும் தோள் கொடுப்பது அரசின் காப்பீட்டு அட்டையா, ஊரார் திரட்டும் பணமா? இதுதான் தலைப்பு. நாங்கள் ஊரார் பக்கம். எதிரணி அக்கா எனக்கு முன்னால் பேசி மூன்று குண்டு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அட்டை உரிமை, வசூல் பிச்சை என்றார். வசூலில் கணக்கு வழக்கு இருக்காது என்றார். கடைசியாக, "ஊர் ஊர் என்கிறீர்களே, எந்தத் தெருவைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். கைத்தட்டல் அதற்குத்தான் அதிகம். அந்தக் கேள்வியை விட்டு நான் ஓடமாட்டேன் அக்கா. வருகிறேன்.

முதலில் அட்டைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலையில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரம் காசில்லாமல் வைத்தியம். 2025இல் மத்திய அரசும் சாலை விபத்துக்கென்று 7 நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. இவற்றால் பிழைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். நான் மறுக்கவில்லை.

இப்போது ஓர் ஆளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தென்னை ஏறுகிறவர். பெயர் வேண்டாம், உங்கள் ஊரில் அவருக்கு ஒரு பெயர் இருக்கும். மட்டை வழுக்கி மேலேயிருந்து விழுகிறார். முதுகெலும்பில் அடி. முன்னால் சொன்ன 48 மணி நேரத் திட்டம் இவருக்கு வருமா? வராது. மரத்துக்கும் தரைக்கும் நடுவில் சாலை இல்லையே! (கைத்தட்டாதீர்கள், என் நேரத்தில் கழித்துவிடுவார்கள்.) தென்னை வளர்ச்சி வாரியத்தில் மரம் ஏறுபவர்களுக்கென்றே ‘கேர சுரக்ஷா’ என்று ஒரு காப்பீடு இருக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் விழுவதற்கு முன்னால் சேர்ந்திருக்க வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கும் தோப்புக்காரர்கள் கையைத் தூக்குங்கள், உங்கள் தோப்பில் ஏறுகிறவர் அதில் சேர்ந்திருக்கிறாரா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? சரி, கையை இறக்குங்கள். தூக்கினால்தானே இறக்க!

மிஞ்சுவது முதலமைச்சர் காப்பீடு. அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்க வேண்டும். ரேஷன் அட்டை வேண்டும், ஆதார் வேண்டும். யார் அலைவது? அவர் படுத்துக் கிடக்கிறார். மனைவி தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் வார்டு வாசலில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டுப் பூட்டைத் திறந்து, தகரப் பெட்டியைக் கிளறி, ரேஷன் அட்டையை எடுத்துக்கொண்டு பைக்கில் பறக்கிறவன் யார்? பக்கத்து வீட்டுப் பையன். அக்கா, உங்கள் அட்டைக்கே எங்கள் அணிக்காரன்தான் பெட்ரோல் போடுகிறான்!

அட்டை கிடைத்துவிட்டது, ஆபரேஷனும் முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அட்டை எதற்குப் பணம் கொடுக்கும்? பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு. அங்கேயே அதன் வேலை முடிந்துவிடுகிறது. நம் ஆளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும், புண் புரையோடினால் உயிருக்கே ஆபத்து. பகலில் புரட்டலாம். நடு ராத்திரி பன்னிரண்டு மணிக்கும், இரண்டு மணிக்கும், நாலு மணிக்கும்? ஒற்றைப் பொம்பிளையால் ஓர் ஆம்பிளை உடம்பை எத்தனை ராத்திரி புரட்ட முடியும்? தண்ணீர் மெத்தை, மூத்திரப் பை, டயப்பர், பிசியோதெரப்பிக்குப் போய்வர ஆட்டோ, கூட இருக்கிறவருக்கு மூன்று வேளைச் சாப்பாடு, மூடிக் கிடக்கிற அடுப்பு, கட்டாமல் நிற்கிற குழு லோன். இதெல்லாம் எந்தப் பட்டியலில் வருகிறது?

தென்காசி பக்கம் ஆய்க்குடி ராமகிருஷ்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். இளம் வயதில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அதே மனிதர்தான் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அடிபட்ட உடம்போடு கதை முடிந்துவிடுவதில்லை, ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நெடிய வாழ்க்கை பாக்கி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். அந்த வாழ்க்கைக்குத்தான் ஆள் வேண்டும், காசு வேண்டும்.

இனி ‘பிச்சை’க்கு வருகிறேன். அக்கா, நீங்கள் எந்த ஊரில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னீர்கள்? பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம். ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போட்டு மொய்ப்பணம் வாங்குகிற மொய் விருந்து நடக்கிற மண். ஆடி வந்தால் பந்தல், ஆட்டுக்கறி, பணம் எண்ணுகிற மெஷின். இன்று ஐயாயிரம் செய்தவருக்கு நாளை அவர் விருந்தில் திருப்பிச் செய்தாக வேண்டும், கூடப் போட்டும் செய்ய வேண்டும். கூடப் போட்டது ‘புது நடை’, அதாவது புது மொய், என்று நோட்டில் ஏறும். இது கடன் சங்கிலி என்று குறை சொல்கிறவர்கள் உண்டு, பந்தா கூடிப்போய்விட்டது என்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. கறிக்கும் பேனருக்கும் கொட்டுகிற காசைப் பார்த்தால் எனக்கே வயிறு எரியும்.

ஆனால் அந்த நோட்டைப் பாருங்கள். அதில் பெயர் எழுதப்பட்டவன் எவனாவது பிச்சைக்காரன் என்று கூசியிருக்கிறானா? வாங்குகிறவன் நிமிர்ந்து வாங்குகிறான். ஏன்? ‘என் கைக்கு வந்தது உன் வீட்டுக்குத் திரும்பி வரும்’ என்று அவனுக்கும் தெரியும், கொடுத்தவனுக்கும் தெரியும். அடிபட்ட வீட்டுக்கும் அதே நோட்டைத் திறங்கள் என்கிறேன். விருந்து வேண்டாம், பேனர் வேண்டாம். படுக்கையில் கிடக்கிறவரைப் படம் பிடித்து, அழுகிற பிள்ளையை முன்னால் நிறுத்தி, வாட்ஸ்அப்பில் சுற்றவிட வேண்டாம். அதுதான் அய்யா கூசவைக்கிறது. நோட்டில் பெயர் எழுதுங்கள், தொகை எழுதுங்கள். திருப்பித் தர முடிந்தால் அவர் பிள்ளை தருவான். முடியாமல் போனால், மொய் நோட்டில் வராத பாக்கி இல்லாத வீடு எது?

கணக்கு இருக்காது என்றீர்கள். வசூல் செய்கிற ஆளின் ஜிபே எண்ணுக்குப் பணம் போனால் இருக்காதுதான். அடிபட்டவர் மனைவியோடு மகளிர் குழுவில் இன்னொருவரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். மருந்துக்கடை பில்லை நேரே கடையில் கட்டுங்கள். வந்தது, போனது, மீதி மூன்றையும் டீக்கடைப் பலகையில் எழுதிப் போடுங்கள். டீக்கடையைவிடக் கடுமையான ஆடிட்டர் இந்த ஜில்லாவில் கிடையாது.

ஒன்றை மட்டும் எங்கள் அணிக்கே அறிவுரையாகச் சொல்கிறேன். முதல் வாரம் எல்லோரும் போகிறோம். ஆப்பிள், ஹார்லிக்ஸ், கண்ணீர். கட்டிலுக்கு அடியில் ஹார்லிக்ஸ் பாட்டில் வரிசை கட்டி நிற்கும், வீட்டில் அரிசி இருக்காது. மூன்றாம் மாதம் அந்த வாசலில் ஒரு செருப்பு கிடக்காது. ஆகவே திரட்டுகிற பணத்தை முதல் வாரத்திலேயே கரைத்துவிடாதீர்கள். பாதியை மாதா மாதம் கொடுக்க எடுத்து வையுங்கள். காசில்லாதவர்கள் ராத்திரி முறை போட்டுக்கொள்ளுங்கள், இன்று நீ, நாளை நான் என்று புரட்டிவிட ஓர் ஆள். அதையும் நோட்டில் ஏற்றுங்கள். அது காசைவிடப் பெரிய மொய்.

இனி அந்தக் கேள்வி. எந்தத் தெரு?

அக்கா, உண்மையைச் சொல்கிறேன். வசூல் நோட்டு தெரு முனையில் திரும்பிவிடுவதை நானும் பார்த்திருக்கிறேன். மேலத்தெருக்காரர் கீழே விழுந்தால் ஊரே பதறும், இன்னொரு தெருக்காரர் விழுந்தால் "அவங்க ஆளுக பாத்துக்குவாக" என்று சொல்லிவிட்டுப் போகும். அந்த வெட்கத்தை இந்த மேடையில் நான் மூடி மறைக்கப்போவதில்லை. ஆனால் மரம் ஏறியவர் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று கேட்கிறீர்கள், எந்தத் தோப்பில் ஏறினார் என்று கேளுங்கள்! 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து இந்த வட்டாரத்துத் தென்னை சாய்ந்து கிடந்தபோது, வீட்டு மேல் விழுந்த மரத்தை அறுத்துப் போட வந்தவர்களிடம் நாம் தெரு கேட்டோமா? நம் ஆள் ஏறிய தோப்புகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. வசூலை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். முதல் பெயர் அவர் விழுந்த மரத்தின் சொந்தக்காரர் பெயர். அவர் தருவது தர்மம் இல்லை, பாக்கி. அப்புறம் எந்தெந்தத் தோப்பில் அவர் காய் பறித்தாரோ அவர்கள் எல்லோரும், மரத்துக்கு இவ்வளவு என்று. நோட்டு தானாகத் தெரு தாண்டும்.

நடுவர் அய்யா மணியைத் தொட்டுவிட்டார். உட்காருவதற்குள் எதிரணிக்கு ஒரு கேள்வி. அட்டையை அக்கா கையிலேயே வைத்திருக்கிறார், திருப்பித் திருப்பிக் காட்டினார். ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிவிட ஓர் ஆள் என்று அதில் முன்பக்கம் எழுதியிருக்கிறதா, பின்பக்கம் எழுதியிருக்கிறதா? அடுத்துப் பேசுகிற அண்ணன் வாசித்துக் காட்டட்டும். வணக்கம்.