ஒரு நாள் சாப்பாடு போட்டால் தொண்டு ஆகுமா? – பேட்டை மாணவியின் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. திருநெல்வேலி பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி அனுப்பியிருக்கிறார். "பிறந்தநாளுக்கு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் இருக்கிற ஒரு இல்லத்துக்குப் போய் மதியச் சாப்பாடு போட்டோம். படம் எடுத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்த பிறகு மனசு ஒரு மாதிரி இருந்தது. இதற்குப் பெயர் தன்னார்வத் தொண்டுதானா? இதனால் ஊர் அவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளுமா?"

சாப்பாடு போட்டது தப்பில்லை, தங்கச்சி. பசிக்குச் சோறு போடுவதை நம்ம சீமையில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கும். ஏறக்குறைய 800 பயணிகள், சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்த அரிசியைப் பொங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். யாரும் போய்க் கேட்கவில்லை.

ஆனால் அது ஆபத்துக்கு உதவி. தண்ணீர் வடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் கேட்பது, வருஷம் முழுக்க நம்ம பக்கத்திலேயே இருந்தும் ஒதுங்கி நிற்கிறவர்களைப் பற்றி. அதற்கு ஒரு நாள் பத்தாது. படம் எடுத்தது பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் மனசே சொல்லிவிட்டது.

எனக்குத் தெரிந்த வேலையை வைத்துச் சொல்கிறேன். பார்வையில்லாத மாணவர்கள் தேர்வில் விடையைச் சொல்லச் சொல்ல நாம் எழுத வேண்டும். ஸ்கிரைப் என்பார்கள், சொல்வதை எழுதுபவர். பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே கிறிஸ்தவ மிஷனரி ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கிவிட்டார். அதனால் நம்ம கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர்கள் படிப்பது புதுசு இல்லை. தேர்வு நாள் காலையில் எழுத ஆள் கிடைக்காமல் அலைவதும் புதுசு இல்லை.

நான் முதல் தடவை எழுதப் போனது ஒரு எம்.ஏ. வரலாறு மாணவருக்கு. அவர் சொன்ன விடை எனக்குக் கொஞ்சம் மெலிவாகத் தெரிந்தது. பாவம் என்று நானாக இரண்டு வரி சேர்த்து எழுதினேன். அவர், "கடைசிப் பத்தியை வாசி" என்றார். வாசித்தேன். நிறுத்தச் சொன்னார். "ஏ தம்பி, நான் சொன்னதை மட்டும் எழுதுடே. தோத்தாலும் என் விடைதான் தோக்கணும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அந்த இரண்டு வரியை அடிக்கும்போது எனக்குக் கை கூசியது. நான் உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வேலை லேசு போலத் தெரியும். கேள்வியை நிதானமாக இரண்டு தடவை வாசிக்க வேண்டும். சரியான விடையில் மட்டும் குரலை அழுத்தி வாசித்துக் குறிப்புக் கொடுக்கக் கூடாது. பெயர்ச்சொல் வந்தால் எழுத்தைக் கேட்டு எழுத வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்று 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் சொன்னது. அப்படியானால் மூன்று மணி நேரத் தேர்வுக்கு நீங்கள் நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். எழுதப்போகிறவரின் படிப்புத் தகுதிக்கும் விதி உண்டு, அது அவ்வப்போது மாறும். தேர்வு நடத்துகிறவர்களின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட, வருகிறேன் என்று சொன்னால் வர வேண்டும். வீட்டில் விசேஷம், பஸ் கிடைக்கவில்லை என்று காலை ஒன்பது மணிக்குப் போன் செய்தால் அங்கே ஒருவருக்கு அந்தப் பேப்பரே போய்விடும். நான் பார்த்தவரை ஆசையாக வருகிறவர்கள் நிறைய, இரண்டாவது தடவை வருகிறவர்கள் கொஞ்சம்.

ஊர் எப்படி மாறும் என்று கேட்டீர்களே, அது இப்படிச் சின்னதாகத்தான் நடக்கும். எங்களோடு எழுத வந்த ஒரு பெண் இப்போது வங்கியில் வேலை பார்க்கிறாள். பார்வையில்லாதவர் யாராவது வந்தால், கூட வந்தவரைப் பார்த்து "இவருக்கு என்ன வேண்டும்" என்று கேட்க மாட்டாள், அவரிடமே பேசுவாள். ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடித்து இழுக்காமல், அவர் நம் முழங்கையைப் பிடித்துக்கொள்ளும்படி நாம் அரை அடி முன்னால் நடக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் நின்று பாருங்கள், எத்தனை பேருக்கு இது தெரியும்?

அப்புறம், கொடுக்கிறவர் நாம், வாங்குகிறவர் அவர் என்கிற கணக்கும் நிற்காது. நான் அரசுத் தேர்வுக்குப் படித்தபோது வரலாறு முழுக்கச் சொல்லிக்கொடுத்தது அதே எம்.ஏ. அண்ணன்தான். பெரிய உதாரணம் வேண்டுமென்றால் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியைப் பாருங்கள். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்கான உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயல் இழந்தவர். அவர்தான் 1981இல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். பிறகு அவரோடு சேர்ந்த சங்கரராமன் தசைச்சிதைவு நோய் உள்ள ஆடிட்டர். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடி ஒருவர் மற்றவர்களுக்குப் பள்ளியும் சிகிச்சையும் ஏற்பாடு செய்கிற இடம் அது. அங்கே போய் யார் தொண்டு செய்கிறவர், யார் பெறுகிறவர் என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒரு வருஷம் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு அந்த எம்.ஏ. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டம் நெரிக்குமே என்று ஓரமாக ஒரு கடைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, தேர் இப்போது இந்த முக்குக்கு வந்துவிட்டது, இப்போது திரும்புகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நேர்முக வர்ணனை மாதிரி. கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, "நீ சொன்னது போதும்டே, வடத்துல என் கையைக் கொண்டு வை" என்றார். கொண்டுபோய் வைத்தேன். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள், அவ்வளவுதான். கை சிவக்க இழுத்தார்.

அதனால் தங்கச்சி, அந்த இல்லத்துக்கு இன்னொரு தடவை போங்கள், இந்தத் தடவை வெறுங்கையோடு. "என்ன வேண்டும்" என்று அங்கே இருக்கிற பிள்ளைகளிடமே கேளுங்கள். கணக்குச் சொல்லித்தர ஆள் கேட்கலாம், பாடத்தை வாசித்துப் பதிவு செய்து தரச் சொல்லலாம், கேரம் விளையாடக் கூப்பிடலாம். உங்கள் கல்லூரியிலேயே எழுத ஆள் தேவைப்படுகிறதா என்று துறைத்தலைவரிடம் கேட்டு, தேர்வுக்கு ஒரு மாதம் முன்னாலேயே பெயரைக் கொடுத்துவிடுங்கள். போகும்போது பேனா இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு மணி நேரம் ஒரு பேனாவை நம்ப முடியாது.