டஃபி குருதிவகையும் கலப்பின் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். இரண்டு மக்கள்கூட்டங்கள் பல தலைமுறைகளாகக் கலந்து வாழ்ந்தால், அவர்களுடைய வாரிசுகளிடம் ஒரு மரபணு எந்த அளவில் இருக்கும்? கணக்கு எளிது. ஆனால் அது பிசகும் இடங்களில்தான் விஷயமே இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் டஃபி என்னும் குருதிவகை எப்படிப் பரவியிருக்கிறது என்பதை எடுத்துக்கொள்வோம்.

ஏ, பி, ஓ வகைகளைப் போல டஃபியும் ஒரு குருதிவகைப் பிரிவு. சிவப்பணுவின் மேலுள்ள ஒரு புரதத்தை வைத்து இதைச் செய்கிறார்கள். இதில் ஏ, பி, வெற்று என மூன்று அல்லீல்கள் (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள்) பரவலானவை. வெற்று அல்லீலில், மரபணுவை இயக்கும் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் சிவப்பணுவில் அந்தப் புரதம் உருவாவதே இல்லை. வைவாக்ஸ் மலேரியாக் கிருமிக்கு அந்தப் புரதம்தான் வாசற்கதவு. மேற்கு ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருப்பது வெற்று அல்லீல். ஐரோப்பாவில் அது மிக அரிது. டஃபி-ஏ நேர்மாறு: ஐரோப்பியரிடம் தாராளம், மேற்கு ஆப்பிரிக்கரிடம் கிட்டத்தட்டப் பூஜ்யம்.

எனவே ஒரு கறுப்பினச் சமூகத்தில் டஃபி-ஏ தென்பட்டால், அது பெரும்பாலும் ஐரோப்பிய மூதாதையர் வழியாக வந்ததுதான். ஜெர்மன் கணிதவியலாளர் பெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் 1931-இல் தந்த கலப்புக் கணக்கு, ஒரு மூதாதையர் பக்கம் பூஜ்யமாக இருக்கும்போது, வெறும் வகுத்தலாகிவிடுகிறது. 1969-இல் வெளியான மரபியலாளர் எட்வர்ட் ரீடின் கணக்கைப் பாருங்கள். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் டஃபி-ஏ நிகழ்வெண் (மரபணுவின் மொத்தப் பிரதிகளில் அதன் பங்கு) வெள்ளையரிடம் 0.429, கறுப்பினத்தவரிடம் 0.094. வகுத்தால் 22 சதவீதம். ஜார்ஜியா மாநிலத்தின் இரண்டு கிராமப்புற மாவட்டங்களில் அதே கணக்கைப் போட்டால் 11 சதவீதத்தைத் தொடவில்லை. தென் கரோலினாக் கடலோரத் தீவுகளின் கல்லா மக்களிடம், பல மரபணுக் குறிகளை வைத்துப் பின்னர் செய்த ஆய்வில் கிடைத்தது 3.5 சதவீதம் அளவுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்!

கையில் தாளும் பேனாவும் இருந்தால் ஒரு தப்பைப் போட்டே பார்க்கலாம். குருதிப் பரிசோதனையில் டஃபி-ஏ 'உண்டு' என்று வருபவரிடம் அதன் ஒரு பிரதியும் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். ஓக்லாந்தில் 'உண்டு' என்று வரக்கூடியவர் கறுப்பினத்தவரில் 17.9 சதவீதம், வெள்ளையரில் 67.4 சதவீதம். ஆள் எண்ணிக்கையை அப்படியே வகுத்தால் 26.6 சதவீதம் வரும். இது தவறு. 'இல்லை' என்று வந்தவர்களின் பங்கை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். கறுப்பினத்தவரில் 0.821-இன் வர்க்கமூலம் 0.906, கழித்தால் 0.094. மக்கள் தங்களுக்குள் தாராளமாக மணம் புரிகிறார்கள் என்ற அனுமானத்தின் மேல்தான் இந்த வழி நிற்கிறது. அண்மையில் வந்து சேர்ந்தவர்களையும் பல தலைமுறையாக அங்கே வாழ்பவர்களையும் ஒரே மாதிரித் தொகுப்பில் போட்டுக் கலக்கினால் அனுமானம் உடையும், விடையும் கெடும்.

இன்னொரு சிக்கல் பெரிது. கலப்பு விகிதம் உடலின் எல்லா மரபணுக்களையும் ஒரே அளவில்தான் தொடும். இயற்கைத் தேர்வு அப்படியல்ல, சிலவற்றை மட்டும் தள்ளும். அட்லாண்டிக் கடலிலுள்ள கேப் வெர்டி தீவுகளில் முன்பு ஆள் யாரும் இருக்கவில்லை. 1460-களிலிருந்து போர்ச்சுகீசியரும் மேற்கு ஆப்பிரிக்கரும் குடியேறிக் கலந்தார்கள். அங்கே மலேரியா மீண்டும் மீண்டும் தாக்கிய சந்தியாகு தீவில், வெற்று அல்லீல் கலப்பு விகிதம் காட்டும் அளவைத் தாண்டி உயர்ந்திருக்கிறது. சுமார் இருபது தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது. (கதவு முழுக்க அடைபட்டது என்று நினைக்க வேண்டாம், டஃபி இல்லாதவர்களையும் வைவாக்ஸ் தொற்றுவது மடகாஸ்கரில் பதிவாகியிருக்கிறது.) ஆகவே இப்படி ஒற்றை மரபணுவை வைத்துக் கலப்பை மதிப்பிடுவது எனக்கு ஒப்புதலில்லை. பல நூறு குறிகளின் சராசரியை முதலில் எடுத்து, அதிலிருந்து விலகி நிற்கும் மரபணுவைத் தேடுவதே சரி.

மருத்துவமனையில் இதற்கு நேரடி விளைவு உண்டு. இரு பிரதியும் வெற்றாக உள்ளவர்களின் ரத்தத்தில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் இயல்பாகவே குறைவு. அதனால் அவர்களுக்குத் தொற்று கூடுவதில்லை. ஆனால் மைக்ரோலிட்டருக்கு 1,500-க்குக் கீழே போனால் குறைபாடு என்ற எல்லை, ஐரோப்பிய வழியினரின் அளவுகளை ஒட்டி வந்தது. அதை நம்பிப் புற்றுநோய் மருந்தைத் தள்ளிப்போடுவதும், குளோசபின் போன்ற மனநோய் மருந்தை நிறுத்துவதும் நடந்திருக்கின்றன. ஓக்லாந்துக் கணக்குப்படி ஐரோப்பியப் பங்கான 0.22 போக வெற்று அல்லீல் 0.78 என்றால், அதன் வர்க்கம் 0.61. பத்தில் ஆறு பேரிடம் இரு பிரதியும் வெற்று. மீதி நால்வரிடம் அப்படியில்லை. அந்த நால்வரில் ஒருவருக்கு நியூட்ரோஃபில் குறைந்திருந்தால், தோல் நிறத்தைப் பார்த்து "இது உங்களுக்கு இயல்புதான்" என்று அனுப்பிவிடக் கூடாது; உண்மையான குறைபாடாகவே இருக்கலாம். யார் எந்தப் பக்கம் என்பதை டஃபி பரிசோதனை ஒன்றே சொல்லிவிடும்.