கீழே கல், மேலே மரம்: நார்ட்டன் செயின்ட் பிலிப் ஜார்ஜ் விடுதி

வணக்கம் மக்களே! இங்கிலாந்தின் சாமர்செட்டில், பாத் நகருக்குத் தெற்கே நார்ட்டன் செயின்ட் பிலிப் என்கிற சின்ன ஊரில் நிற்கிறேன். பின்னால் தெரிகிறதே, அதுதான் ஜார்ஜ் விடுதி.

கேமராவை மேலே திருப்புகிறேன், பாருங்கள். தரைத்தளம் கல். அதற்கு மேல் இரண்டு மாடியும் மரச்சட்டம், அதிலும் முதல் மாடி கீழ்ச்சுவரைத் தாண்டி முன்னே தள்ளிக்கொண்டு நிற்கிறது, இரண்டாவது அதையும் தாண்டி. விழுந்துவிடாதா என்றால், விழாது. மாடித் தரையைத் தாங்குகிற சட்டங்கள் சுவரோடு நிற்காமல் வெளியே நீள்கின்றன, அந்த நுனியில் மேல்சுவரின் பாரம் இறங்குவதால் அறைக்கு நடுவே சட்டம் அவ்வளவாகத் தொய்வதில்லை. தெருவை மறிக்காமல் மாடியில் கூடுதல் இடமும் கிடைத்தது. தச்சர்கள் கெட்டிக்காரர்கள்!

கொஞ்சம் கிட்டே வருகிறேன். இந்த மூலை இணைப்பில் இரும்பைத் தேடாதீர்கள். ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் நாக்கு, இரண்டையும் சேர்த்துக் குறுக்கே ஓர் ஓக் மர ஆணி, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஓக் மரத்தைக் காயவைக்காமல் பச்சையாகவே இழைத்து மாட்டிவிடுவார்கள், அது பிறகு நின்ற இடத்திலேயே காய்ந்து முறுக்கிக்கொள்ளும். பழைய மரக் கட்டடங்களில் ஒரு கோடுகூட நேராக இல்லாததற்கு அது ஒரு முக்கியக் காரணம், எனக்கு அந்தக் கோணல்தான் பிடித்திருக்கிறது.

இதைக் கட்டியது பக்கத்து ஹின்டன் சார்ட்டர்ஹவுஸ் மடம். கார்த்தூசியத் துறவிகள், பெரும்பாலும் மௌனம், ஆளுக்கொரு தனிக்குடில். ஆனால் ஆட்டு ரோம வியாபாரம் மட்டும் அமோகம்! இந்த ஊர்ச் சந்தைக்கு வரும் வியாபாரிகள் தங்கவும் ரோம மூட்டைகளை அடுக்கவும்தான் இந்தக் கட்டடம், அழகெல்லாம் அப்புறம். 1539-ல் எட்டாம் ஹென்றி காலத்தில் மடத்தை மூடிவிட்டார்கள், இன்று அங்கே மிச்சம் இருப்பது சில கட்டடங்களும் இடிபாடும்தான். மூட்டை அடுக்கிய இடத்திலோ இன்னும் பியர் ஊற்றுகிறார்கள்.

1685-ல் அரசருக்கு எதிராகக் கிளம்பிய மன்மத் கோமகன் இங்கே தங்கியிருந்தபோது ஊருக்குள்ளேயே சண்டை நடந்தது, அதற்குத் தனி வீடியோதான் போட வேண்டும்.

பின்பக்க முற்றத்தில் ஒரு மரத் தாழ்வாரம் இருக்கிறது, அதையும் காட்டுகிறேன். அதற்கு முன் சாப்பாடு. 1668-ல் நாட்குறிப்புக்குப் பேர்போன ஆங்கிலேயர் சாமுவேல் பெப்பிஸ் இந்த ஊரில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு 10 ஷில்லிங் செலவு என்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். என் பில் எவ்வளவு வருகிறதென்று பார்ப்போம், வாங்க.