பவளம் போட்ட குத்தகை

எல்லோருக்கும் வணக்கம். என்னைப் பேச அழைத்தவர்கள் "பவளமும் பாசியும்: ஒரு நட்பின் கதை" என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். அதை மாற்றச் சொன்னேன். அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அங்கே நடப்பது நட்பு இல்லை, குத்தகை. அதுவும் கறாரான குத்தகை.

நிலக்காரர் யார்? பவள உயிரி. கடற்சாமந்திக்கும் ஜெல்லி மீனுக்கும் சொந்தக்கார விலங்கு. பெரும்பாலான இனங்களில் ஒரு தனி உயிரி சில மில்லிமீட்டர் அகலம்தான். குத்தகைக்காரர் ஒற்றைச் செல் பாசி. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூறு பாசிகளை வரிசையாக வைக்கலாம். பவளத்தின் மேல் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் பத்து லட்சம் பாசிகள் குடியிருக்கும். மேலே ஒட்டிக்கொண்டு அல்ல, பவளத்தின் செல்லுக்கு உள்ளேயே. ஒவ்வொரு பாசியையும் ஒரு சவ்வு சுற்றியிருக்கிறது. அந்தச் சவ்வுக்குள் பவளம் அமிலத்தைக் கூட்டிக் கரியமில வாயுவைச் சேர்த்துக் கொடுக்கிறது. இடமும் கொடுத்து, மூலப்பொருளும் கொடுக்கிறது.

ஒன்றை மட்டும் கை இறுக்கிக் கொடுக்கிறது: நைட்ரஜன், அதாவது உரம். உரம் தாராளமாகக் கிடைத்தால் பாசி தன் குடும்பத்தைப் பெருக்கிக்கொள்ளும். கிடைக்காததால், வெயிலில் தயாரித்த சர்க்கரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளியே விட்டுவிடுகிறது. நல்ல வெளிச்சத்தில் பாசி தயாரிப்பதில் 90 சதவீதத்துக்கு மேல்கூட நிலக்காரருக்குப் போவதுண்டு. விளைச்சலில் நிலக்காரருக்கு அளக்கும் பங்குக்கு வாரம் என்று பெயர்; எந்த ஊர்ப் பண்ணையாரும் இப்படி வாரம் வாங்கியதில்லை!

இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்கு வெகுகாலம் ஆனது. 1928-ல் மாரிஸ் யங் என்ற இளைஞர் தலைமையில் ஒரு குழு ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குப் போனது. பவளத்தை இருட்டுப் பெட்டியில் அடைத்துப் பார்த்தார்கள். பாசி வெளியேறியது, பவளம் பிழைத்திருந்தது. ஆகவே பாசி பவளத்துக்குச் சோறு போடுவதில்லை, கழிவை அகற்றும் வேலைக்காரன்தான் என்று யங் முடிவு கட்டினார். சோதனை சரி, முடிவு தப்பு. 1944-ல் பலாவ் தீவில் ஆய்வு செய்த ஜப்பானியர் சிரோ கவகுட்டி, பாசியைப் பவளத்திலிருந்து பிரித்துத் தனியாக வளர்த்தார். உள்ளே உருண்டையாக முடங்கிக் கிடந்தது, வெளியே வந்ததும் சாட்டை போன்ற இரண்டு இழைகளோடு நீந்தியது. 1958-ல் மஸ்கடைன், ஹேண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கதிரியக்கக் கார்பனை வைத்து, பாசி தயாரித்தது விலங்கின் உடலுக்குள் போவதை நேராகக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பவளம்கூட இல்லை, அதன் உறவான கடற்சாமந்தி. அடுத்த ஆண்டே ஜமைக்காவில் தாமஸ் கோரோ, வெளிச்சத்தில் பவளம் பல மடங்கு வேகமாகச் சுண்ணாம்பு சேர்க்கிறது என்று அளந்து சொன்னார்.

அந்தச் சுண்ணாம்புதான் பாறை. நம்முடைய மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு முன்னால் அலையை உடைத்து நிற்பதும் அதுவே. அதை வெட்டியெடுத்துக் காளவாயில் சுட்டவர்களும் நாம்தான்.

சரி, குத்தகை எப்போது முறிகிறது? கோடை உச்சத்தின் வழக்கமான சராசரியைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடி, அது நாலு வாரம் நீடித்தாலே பவளம் வெளிறத் தொடங்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 எல்லாம் அப்படிப்பட்ட ஆண்டுகள். சூட்டில் பாசியின் ஒளிச்சேர்க்கை எந்திரம் பழுதாகி, செல்லை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் கசிகின்றன, பவளம் பாசியை வெளியேற்றுகிறது என்பது பாடப்புத்தக விளக்கம். அது தப்பில்லை. ஆனால் செங்கடல் பவளத்தில் செய்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, அதற்கும் முந்தைய கட்டத்தைக் காட்டுகிறது. சூட்டில் பவளத்துக்குச் செலவு கூடுகிறது. தன் புரதச் சரக்கையே எரிக்கிறது. அதில் அம்மோனியா வெளிப்படுகிறது. இத்தனை நாள் இறுக்கி வைத்த உரம் தானாகவே பாசிக்குக் கிடைத்துவிடுகிறது! பாசி சர்க்கரையைத் தனக்கே வைத்துக்கொண்டு பெருகுகிறது. வெளியேற்றுவதற்கு முன்பே வாரம் நின்றுபோகிறது. வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை, பட்டினி கிடக்கும் பவளம். சூடு சீக்கிரம் தணிந்தால் மிச்சமிருக்கும் பாசி மறுபடி பெருகி நிறம் திரும்பும்.

"கடல் சூடாவது உலகப் பிரச்சினை, நாம் என்ன செய்ய முடியும்?" என்பார்கள். சாக்கடையும் வயல் உரமும் கடலில் கலந்தால் அதுவும் நைட்ரஜன்தானே? அந்த நீரில் வளரும் பவளம் குறைந்த சூட்டிலேயே வெளிறுவதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. அது ஊராட்சியும் நகராட்சியும் கவனிக்க வேண்டிய விஷயம்.

பேசி முடித்தபின் ஒரு மாணவி கேட்டார்: "சூடு தாங்கும் பாசியைப் பவளம் சேர்த்துக்கொள்ளக் கூடாதா, சார்?" நல்ல கேள்வி. சில இனங்கள் சேர்த்துக்கொள்கின்றன. ஒன்று, ஒன்றரை டிகிரி கூடுதலாகத் தாங்கவும் செய்கின்றன. ஆனால் அந்தப் பாசி வாரம் குறைவாகத்தான் அளக்கும். ஆஸ்திரேலியாவில் இளம் பவளங்களை வைத்துப் பார்த்தபோது, வழக்கமான பாசியோடு இருந்தவை இரண்டு மூன்று மடங்கு வேகமாக வளர்ந்தன. மெதுவாக வளர்ந்தால் சுண்ணாம்பும் மெதுவாகத்தான் சேரும். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்ட கடல் இது, அம்மா. இங்கே அந்த வேகம் போதுமா என்பதுதான் கணக்கு.