போர்த்துகலின் கார்க் காடும் 9 ஆண்டுக் கணக்கும்

அவையோருக்கு வணக்கம்.

மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகும். வேண்டாத மரத்தைக் கொல்ல நினைப்பவர்கள் செய்கிற வேலையே அதுதான். ஆனால் போர்த்துகலின் தெற்கே, தேஜோ ஆற்றைத் தாண்டி விரிகிற அலென்தேஜோ சமவெளியில், ஓர் ஓக் மரத்தை 9 ஆண்டுக்கு ஒருமுறை அடிமரம் முழுக்க உரிக்கிறார்கள். மரமோ 200 ஆண்டு வரை நிற்கிறது. பாட்டில் மூடியாகவும், கிரிக்கெட் பந்தின் உள்ளீடாகவும், இறகுப்பந்தின் அடிக்கட்டையாகவும் வருகிற கார்க் அந்த மரத்தின் பட்டைதான். உலகக் கார்க்கில் ஏறத்தாழப் பாதி போர்த்துகலில் கிடைக்கிறது. அடுத்த இடம் ஸ்பெயினுக்கு.

இந்த மரம் மட்டும் சாகாதது எப்படி? உயிருள்ள உள்பட்டை, அதாவது இலையில் உண்டான உணவைக் கீழே கொண்டுபோகும் அடுக்கு, உரித்த பிறகும் மரத்தோடேயே இருக்கிறது. கழன்று வருவது அதற்கு வெளியே இருக்கும் செத்த செல்களின் அடுக்கு மட்டும். காற்று நிரம்பிய செல்கள். சுவர்களில் தண்ணீர் ஊடுருவாத ஒருவகை மெழுகுப் பொருள். காட்டுத்தீ மிகுந்த வறண்ட கோடைக்கு இந்த மரம் போட்டுக்கொண்ட கவசம் அது. கவசத்தைக் கழற்றினால் சில வாரங்களில் உள்பட்டைக்குள் புதிய பிறப்பு அடுக்கு ஒன்று, அதாவது புதுச் செல்களை உண்டாக்கும் அடுக்கு, உருவாகி, மறுபடியும் கார்க்கைக் கட்டத் தொடங்குகிறது. உரித்த கையோடு தீ வந்தால் மட்டும் மரத்துக்குத் தற்காப்பு இல்லை.

உரிக்கும் காலம் மே நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. அப்போதுதான் பிறப்பு அடுக்கு சுறுசுறுப்பாகச் செல்களைப் பெருக்குகிறது. இளஞ்செல்கள் மெல்லியவை என்பதால் பட்டை அந்த இடத்தில் பிரிந்து கொடுக்கும். மழை பெய்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள். வறண்ட அனல்காற்று அடித்தாலும் ஆபத்துதான். அது புதிதாக வெளிப்பட்ட உள்பட்டையைக் காய வைத்துவிடும்.

ஒரு மரத்துக்கு இரண்டு பேர். கருவி ஒரே ஒரு கோடரி. அதன் காம்பின் முனை ஆப்பு போலச் சீவப்பட்டிருக்கும். முதலில், பட்டையில் இயல்பாகவே இருக்கும் ஆழமான வெடிப்பைப் பார்த்து மேலிருந்து கீழாக வெட்டு. வெட்டும்போது வரும் ஓசையைக் கவனிப்பார்கள். உள்ளே வெற்றிடம் இருப்பது போலக் கேட்டால் பட்டை எளிதில் வரும். சுருக்கென்று வறண்ட ஓசை வந்தால் பிடிவாதம் பிடிக்கும். பிறகு கோடரியின் விளிம்பை வெட்டில் நுழைத்து ஒரு திருகு. அடுத்தது குறுக்கு வெட்டு, பாளம் எவ்வளவு நீளம் என்று தீர்மானிப்பது அது. அப்புறம் காம்பின் ஆப்பை உள்ளே செலுத்தி, பாளத்தை உடையாமல் நெம்பி எடுக்கிறார்கள். பெரிய பாளத்துக்கே விலை அதிகம். கடைசியாக, வேர்க்கழுத்தில் ஒட்டியிருக்கும் துண்டுகளைத் தட்டி எடுத்துவிட்டு, அடிமரத்தில் ஆண்டின் கடைசி இலக்கத்தை வெள்ளைச் சாயத்தில் எழுதுவார்கள். 2024இல் உரித்த மரத்தில் 4. அதை 2033க்கு முன் தொடக்கூடாது.

இதில் தப்பு நடக்கும் இடம் ஒன்றே ஒன்று: கோடரி ஆழமாக இறங்கி உள்பட்டையைக் கிழிப்பது. அந்த இடத்தில் பிறகு நல்ல கார்க் வராது, காயம் மரத்தில் நிலைத்துவிடும், நோய்க்கும் அதுவே வாசல். இவ்வளவு நிதானம் வேண்டிய வேலை என்பதால்தான் அங்கே விவசாயக் கூலிகளில் மிக உயர்ந்தவற்றில் இது ஒன்று. இன்றும் பெரும்பாலும் கைவேலைதான்.

சட்டமும் அளவோடு பேசுகிறது. தரையிலிருந்து 1.30 மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவு 70 சென்டிமீட்டர் ஆகாமல் முதல் உரிப்பு கூடாது. அதற்கு ஏறத்தாழ 25 ஆண்டு ஆகும். எவ்வளவு உயரம் உரிக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. முதல் முறை சுற்றளவைப் போல 2 மடங்கு, அடுத்த முறை இரண்டரை மடங்கு, அதற்குப் பின் 3 மடங்கு. 1 மீட்டர் சுற்றளவுள்ள முதிர்ந்த மரத்தில் 3 மீட்டர் உயரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சொந்த நிலத்து மரமானாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. 2011இல் போர்த்துகல் நாடாளுமன்றம் இதைத் தேசிய மரமாக அறிவித்தது.

சரி, ஏன் 9 ஆண்டு? ஒயின் பாட்டில் மூடிதான் காரணம். மூடியின் விட்டம் 24 மில்லிமீட்டர், பாட்டில் கழுத்தின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5. கார்க்கின் ஊடே, வெளியிலிருந்து மரத்தை நோக்கி, நுண்துளைகள் ஓடுகின்றன. மூடியின் நீளவாக்கில் அந்தத் துளைகள் அமைந்தால் ஒயின் அவற்றின் வழியே கசிந்துவிடும். ஆகவே மரம் நின்ற திசையிலேயே, பாளத்தின் விளிம்பிலிருந்து மூடியைக் குடைந்து எடுக்கிறார்கள். துளைகள் குறுக்கே விழுகின்றன. அப்படிக் குடைய வேண்டுமானால் பாளத்தின் தடிமன் 24 மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 27 அளவிலாவது இருக்க வேண்டும். அலென்தேஜோ மண்ணில் அந்தத் தடிமன் கட்ட 9 ஆண்டு பிடிக்கிறது. குளிரும் மெலிந்த மண்ணும் உள்ள ஸ்பெயினின் கத்தலோனியாவில் 12, 14 ஆண்டுகூடக் காத்திருக்கிறார்கள்.

25 ஆண்டில் கிடைக்கும் முதல் பட்டை முரடு. இரண்டாவதும் மூடிக்கு ஆகாது. இரண்டும் அரைபட்டுத் தரைஓடாகவும் வெப்பத் தடுப்பாகவும் போகும். மூன்றாவது உரிப்பில்தான் மூடி. மொத்தம் 43 ஆண்டு!

பாளங்களை ஏறத்தாழ 6 மாதம் திறந்த வெளியில் காயவிட்டு, பிறகு கொதிநீரில் ஒரு மணி நேரம் வேகவைக்கிறார்கள். அழுக்கும் துவர்ப்பும் இறங்கும், சுருண்ட பாளம் நிமிரும், தடிமனும் கூடும். இங்கேதான் கார்க் தொழிலின் பெரிய வில்லன் வருகிறான்: டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம். குளோரின் கலந்த சில பொருள்களின்மேல் பூஞ்சை வேலை செய்யும்போது அது உண்டாகிறது. ஒரு லிட்டர் ஒயினில் சில நானோகிராம் கலந்தாலே ஈர அட்டை வாடை. அதனால் குளோரினில் வெளுப்பதைக் கைவிட்டு ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு மாறினார்கள். பாளங்களை மண்ணில் அடுக்குவதில்லை. மண்ணைத் தொட்டு நின்ற அடிப்பட்டையையும் மூடிக்குச் சேர்ப்பதில்லை.

இந்தக் காட்டை அடர்ந்த வனமாகக் கற்பனை செய்யாதீர்கள். மரத்துக்கு மரம் நல்ல இடைவெளி, நடுவே புல். செம்மறி மேயும், இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகளைத் தின்று கரும்பன்றிகள் கொழுக்கும். அந்த ஊர் உழவர்கள் கார்க்கைத் தங்களுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். வயலுக்குச் சூடு குறையாமல் உணவு எடுத்துப்போக மூடியுள்ள கார்க் பாத்திரம், ஊற்று நீரை மொண்டு குடிக்கக் கார்க் அகப்பை, தேனீ வளர்க்கக் கார்க் கூடு. அவர்களுடைய பாட்டுதான் 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அலென்தேஜோ கூட்டுப்பாட்டு. வாத்தியம் கிடையாது. ஒருவர் தொடங்குவார், இன்னொருவர் உயர்ந்த குரலில் வாங்குவார், பிறகு கூட்டம் சேரும். நடை மிக மெது. அவசரக்காரர்களுக்கு ஆகாது.

இனி ஆபத்து. திருகு மூடி வந்தபோது கார்க்குக்கு முடிவு வந்தது என்றார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய கேடு கலப்பையால் வந்தது. கோதுமை விளைச்சலைப் பெருக்க 1929இல் போர்த்துகல் அரசு தொடங்கிய கோதுமை இயக்கம் மரத்தடிவரை உழவைக் கொண்டுபோனது. வட்டுக்கலப்பை மேல்வேர்களை அறுத்துவிடும். அறுந்த வேர்கள் வழியே அழுகல் நோய்க் கிருமி நுழையும், வறட்சி மிச்சத்தை முடிக்கும். ஆடுமாடு மிகுந்தால் கன்றுகளும் தப்பாது. முதுமரம் விழுந்த இடத்தில் புதுமரம் வராமல் போவதுதான் இன்றைய கவலை.

அதற்கு ஒரு மருந்தாக, சொட்டுநீர் விட்டு முதல் உரிப்பை ஏறத்தாழ 10 ஆண்டிலேயே எட்டிவிடும் தோட்டங்களை இப்போது முயல்கிறார்கள். முதல் உரிப்போடு நீரை நிறுத்திவிட்டு மழைக்கு விட்டுவிடுவது திட்டம். விரைந்து வளர்ந்த மரத்தின் பட்டை மூடிக்கு வேண்டிய அடர்த்தியோடு வருகிறதா என்று பார்க்க அங்கும் மூன்றாவது உரிப்பு வரை பொறுக்க வேண்டும். இன்று நட்டால், இன்னும் 28 ஆண்டு.

நன்றி.