தாமிரபரணிக் குளங்களும் அங்கே வரும் பறவைகளும்

நேயர்களுக்கு வணக்கம். தாமிரபரணிப் பக்கம் வருடம் முழுக்கப் பறவை பார்ப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். கேட்டவுடனே உங்களுக்குக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் ஞாபகம் வந்திருக்கும். அதையும் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு சங்கதி. பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மாதம் போனால் நிறையப் பார்க்கலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, நீங்கள் போகிற குளத்தில் இப்போது தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று. அது தெரிந்தால் அங்கே என்ன பறவை நிற்கும் என்று வீட்டில் இருந்தபடியே பாதி சொல்லிவிடலாம்.

ஆறு பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் பக்கம் கடலில் சேரும்வரை சுமார் 125 கிலோமீட்டர்தான். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று மேலே தொடங்கி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று கீழே முடியும். அணைக்கட்டிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், அந்தக் குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம். ஸ்ரீவைகுண்டம் வடகால் இப்படியே போய்த் தூத்துக்குடி பக்கத்துக் கோரம்பள்ளம் குளத்தில் முடிகிறது. தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்து ஆற்று வழியாக வரும், வடகிழக்குப் பருவமழை நேராகக் குளத்திலேயே விழும். அதனால் ஒரே நாளில் ஒரு குளம் ததும்பிக்கொண்டிருக்கும், கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்றில் முழங்காலளவு தண்ணீர் கிடக்கும், மூன்றாவதில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். பறவைகள் இந்த மூன்றையும் சுற்றிப் பார்த்துத் தங்களுக்குத் தோதான இடத்தில் இறங்கும்.

தோது என்றால் பெரும்பாலும் கால் நீளம்தான். கொசு உள்ளான் என்று ஒன்று, சிட்டுக்குருவி அளவு இருக்கும், சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுவிட்டு இங்கே வருகிறது, அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் தாண்டினால் இரை எடுக்க முடியாது. நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண் இருந்தாலும் பரவாயில்லை. நாரைக்கு முழங்காலளவு. வாத்துகளிலே ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம் முங்கி எடுக்கிற வகை இல்லை, வாலைத் தூக்கிக்கொண்டு தலையை மட்டும் உள்ளே விட்டு மேயும், கழுத்து எட்டுகிற ஆழம்தான் அவற்றின் எல்லை. நீர்க்காகமும் முக்குளிப்பானும்தான் ஆழத்தைப் பற்றிக் கவலைப்படாமல் உள்ளே போகும். குளம் நிரம்பி அலையடிக்கிற நாளில் போய்விட்டு, ஒன்றுமே இல்லை என்று திரும்பி வருகிறவர்கள் போனது நல்ல மாதமாகத்தான் இருக்கும், தண்ணீர்தான் அதிகம்.

இன்னொன்று, கரையில் எங்கே நிற்பது என்பது. ஆறு கிழக்கே ஓடுகிறது, நிலமும் கிழக்கே சரிகிறது, அதனால் நம்ம குளங்களில் பெரும்பாலும் மண் போட்டுக் கட்டிய கரை கிழக்கே இருக்கும், தண்ணீர் வந்து சேரும் சரிவான பக்கமான உள்வாய் மேற்கே இருக்கும். காலையில் கரை மேல் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால், பறவையின் நிறம் அப்படியே தெரியும். அதே இடத்தில் சாயங்காலம் நின்றால் கண் கூசி, எல்லாமே கறுப்பு நிழலாகத்தான் தெரியும். சாயங்காலம் உள்வாய்ப் பக்கம் சுற்றிப் போங்கள். ஆழம் குறைந்த சேறும் அங்கேதான், உள்ளான் கூட்டமும் அங்கேதான். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற சாதாரண பைனாகுலர் ஒன்று போதும், கேமரா கூட வேண்டாம் என்பேன், படம் எடுக்கிற அவசரத்தில் பறவையைப் பார்க்காமலே வந்துவிடுகிறோம்.

சரி, பருவத்துக்கு வருவோம். ஆனியில் பாபநாசம் அணையில் இருப்பு இருந்தால் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்கள். காற்று ஆளைத் தள்ளும். வலசை வருகிறவை யாரும் இல்லாத காலம், இங்கேயே இருக்கிற உள்ளூர்ப் பறவைகள் மட்டும்தான். தொழி உழவு, அதாவது சேற்று உழவு, நடக்கிற வயலில் டிராக்டர் பின்னாலேயே உண்ணிக்கொக்கும் மடையானும். ஆம்பலும் தாமரையும் மண்டிய குளம் உங்கள் ஊரில் இருந்தால் நீளவால் இலைக்கோழியைத் தேடுங்கள். இலை மேலேயே நடக்கும், இலை மேலேயே முட்டையிடும், அடை காப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண் பறவை, பெண் அடுத்த ஜோடியைத் தேடிப் போய்விடும்.

ஆவணி முடிகிறபோதே முதல் விருந்தாளிகள் வந்துவிடுகிறார்கள். பாபநாசத்தில் படித்துறைக்கு மேலே பாறைகளில் சாம்பல் வாலாட்டியைப் பார்க்கலாம், வயிறு மஞ்சள், வால் ஒரு நொடி சும்மா இருக்காது. இமயமலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்து, ஆற்றில் விட்டுப்போன பழைய துணிகளுக்கு நடுவே பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். அந்தத் துணிகளைப் பற்றித் தனியாக ஒரு உரையே பேசலாம், இன்றைக்கு வேண்டாம். ஐப்பசியில் மழை இறங்கியதும் தோட்டங்களிலும் ஓடைக்கரைகளிலும் ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடும், சத்தம் கேட்டுத்தான் இருப்பது தெரியும். அப்புறம் சோளக்குருவிகள், இளஞ்சிவப்பு உடம்பும் கறுப்புத் தலையும். மத்திய ஆசியாவிலிருந்து வருகிறவை, குளிர்காலத்தில் திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் சாயங்காலம் அடைகிற நேரத்தில் ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்து வானத்தில் சுழலும், திடீரென்று ஒரே வீச்சில் சம்புக் கோரைக்குள் இறங்கும்.

கார்த்திகை, மார்கழியை நான் கொஞ்சம் வேகமாகவே கடந்துவிடுவேன். குளங்கள் பெருகிக் கிடக்கும், பறவைகள் சிதறிப்போய் இருக்கும். சில வருடம் மழை விளையாட்டாக இருப்பதும் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததும், திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டத்திலும் குளங்கள் வரிசையாக உடைத்துக்கொண்டதும் உங்களுக்கு மறந்திருக்காது. உடைந்த குளத்தில் ஒரு வருடத்துத் தண்ணீர் ஒரு ராத்திரியில் போய்விடுகிறது, விவசாயிக்கும் பறவைக்கும் சேர்த்து.

தை மாதம் வேறு. தண்ணீர் இறங்க ஆரம்பித்திருக்கும், ஓரங்களில் சேறு தெரியும், வாத்துகள் வந்திருக்கும். கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்துகள் வருவதும் இந்தக் காலத்தில்தான். திபெத், மங்கோலியா பக்கம் முட்டையிடுகிற பறவை, இமயமலையைத் தாண்டி வருகிறது, ஏழாயிரம் மீட்டருக்கு மேலே பறந்ததைக் கருவி கட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். பகலில் பார்த்தால் குளத்தில் மந்தமாக மிதந்துகொண்டு, இதுவா அதைச் செய்தது என்று தோன்றும். ராத்திரி வயல்களில் மேய்ச்சல், பகலில் தூக்கம், அதனால்தான்.

கூந்தன்குளம் 1994இல் சரணாலயம் ஆனது, இப்போது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. தாமிரபரணியின் துணையாறான மணிமுத்தாற்றின் தண்ணீர்தான் அதற்கு வருகிறது. ஆனால் அங்கே பார்க்க வேண்டியது குளம் மட்டும் இல்லை, தெரு. மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டு வேப்பமரத்திலும் புளியமரத்திலும் கூடு கட்டுகின்றன. கீழே நின்றால் எச்சம் தலையில் விழும், மீன் வாடை குடலைப் பிரட்டும், குஞ்சுகள் பகல் முழுக்கக் கத்தும். அந்த ஊர்க்காரர்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு, பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமலும் இருக்கிறார்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டிக் காப்பாற்றுவதும் அங்கே வழக்கமாக இருந்திருக்கிறது. எச்சம் கலந்த குளத்து மண் வயலுக்கு நல்ல உரம் என்பதையும் சொல்லியாக வேண்டும், அன்பும் கணக்கும் சேர்ந்துதான் இது நிலைத்திருக்கிறது. ஆற்றோரமாகவே இப்படி ஒரு இடம் வேண்டுமென்றால் திருப்புடைமருதூர் போங்கள். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் நாரையும் வக்காவும் கொக்கும் அடைகின்றன, ஊரார் முன்வந்து கேட்டு 2005இல் மூன்று ஹெக்டேருக்கும் குறைவான அந்த இடம் பாதுகாப்புக் காப்பகம் ஆனது.

மஞ்சள்மூக்கு நாரை மீன் பிடிப்பதை ஒரு கால்மணி நேரம் பொறுமையாகப் பாருங்கள். மாசி, பங்குனியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருக்கும்போது வரிசையாக நிற்கும். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கொண்டே நடக்கும், ஒரு காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கும். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை, அலகில் மீன் பட்ட மாத்திரத்தில் டப்பென்று மூடிக்கொள்ளும். நடுநடுவே ஒரு பக்கச் சிறகைச் சட்டென்று விரித்து மடக்கும், மீனை விரட்டத்தான் போலிருக்கிறது. பக்கத்திலேயே நத்தைக்குத்தி நாரை நிற்கும், அதன் அலகு நடுவில் பொருந்தாமல் ஒரு இடைவெளியோடு இருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும்.

எனக்குப் பிடித்தது சித்திரை. வெயிலுக்குப் பயந்து எல்லோரும் பைனாகுலரை உள்ளே வைத்துவிடுகிற நேரம். குளம் நடுவில் கொஞ்சம் தண்ணீராகச் சுருங்கியிருக்கும், மீன் எல்லாம் அதற்குள், மீன்பாசி குத்தகைக்காரர் ஒரு பக்கம் வலை போட்டால் கூழைக்கடாக்கள் மறுபக்கம் அரைவட்டமாக வளைத்துக்கொண்டு வரும். கிளம்பப் போகிற வலசைப் பறவைகள் உடை மாற்றியிருக்கும். தையில் வெறும் சாம்பலாகப் பார்த்த கருவால் மூக்கனுக்குக் கழுத்தும் மார்பும் செங்கல் நிறமாகியிருக்கும், மீசை ஆலாவுக்கு உச்சந்தலை கறுத்து வயிறும் அடர் சாம்பலாகி, வேறு பறவையோ என்று நினைப்பீர்கள்.

முழுக்க வறண்ட பிறகும் உள்வாயில் ஆள்காட்டி முட்டையிடுகிறது. கூடு என்று ஒன்றும் இல்லை, லேசாகப் பள்ளம் பறித்து நான்கு முட்டை, சுற்றியிருக்கிற கல்லும் அதுவும் ஒரே நிறம். மத்தியான வெயிலில் எங்கேயோ போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும், சூடு தணிக்க. வண்டல் மண் அள்ள டிராக்டர் இறங்குவதும் அப்போதுதான். மண் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, குளம் தூர்ந்தால் யாருக்கும் லாபம் இல்லை. தலைக்கு மேலே பறந்து கத்துகிற ஜோடியைக் கண்டால் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடுத்த பக்கம் வெட்டலாமே, அவ்வளவுதான். அதே மாதிரி குளத்தை அழகுபடுத்துகிறோம் என்று சுற்றிலும் ஒரே ஆழமாகத் தோண்டி, சரிவை எடுத்துவிட்டு, கல் பதித்து நடைபாதை போடுகிறார்கள். தண்ணீர் நிறைய நிற்கும், உண்மைதான். ஆனால் கொசு உள்ளானிலிருந்து நாரை வரை கால் ஊன்ற இடம் இல்லாமல் போய்விடும், நீர்க்காகம் மட்டும் மிச்சம். உள்வாயின் மேற்குச் சரிவை அப்படியே விட்டுவிட்டு கரைப்பக்கம் ஆழப்படுத்தச் சொல்லி உங்கள் ஊரில் யாராவது எழுதிக் கொடுங்கள், இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

2011லிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் முன்னின்று நடத்துகிறது. பத்துப் பறவை மட்டும் தெரிந்தவர்களும் கலந்துகொள்ளலாம், தெரிந்தவர்களோடுதான் அனுப்புவார்கள். போவதற்கு முன்னால் உங்கள் ஊர்க்குளத்திலேயே நாமக்கோழியையும் நீலத் தாழைக்கோழியையும் அடையாளம் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள், ஒன்று உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் வெள்ளை, இன்னொன்று நீலம், நெற்றியும் அலகும் சிவப்பு. கணக்கெடுப்பில் அதிகம் எண்ண வேண்டி வருகிறவற்றில் இந்த இரண்டும் உண்டு. வணக்கம்.