நுளம்பின் ஒரு கால் போதும்: இறைபோசோம் டீ.என்.ஏ எதற்கு உதவுகிறது?

[காட்சி: மட்டக்களப்பு வாவிக்கரை. உப்பும் நன்னீரும் கலந்த ஒரு சிறு தேக்கம். நீரில் நுளம்புக் குடம்பிகள்.]

வணக்கம். இந்தத் தண்ணீரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மேற்பரப்போடு ஒட்டிக் கிடையாகப் படுத்திருப்பவை மலேரியா பரப்பும் அனோபிலிஸ் குடம்பிகள். டெங்கு பரப்பும் ஈடிஸ் குடம்பி என்றால் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். இவ்வளவும் வெறுங்கண்ணுக்கே தெரியும். அனோபிலிஸில் இது எந்த இனம் என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

[காட்சி: நுணுக்குக்காட்டியில் ஒரு நுளம்பு முட்டை. இரு பக்கமும் வரிவரியான மிதவை.]

அனோபிலிஸ் சப்பிக்டஸ் என்றொரு நுளம்பு இருக்கிறது. மலேரியா பரப்புவதில் இதற்கும் பங்குண்டு. இது ஒரே இனம் அல்ல. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் நான்கு உடன்பிறப்பு இனங்கள் என்று சொல்லி, ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்திருந்தார்கள். பிரித்தறிய வேண்டுமானால் முட்டையின் மிதவையில் உள்ள வரிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கண் வலிக்கும் வேலை. எண்ணி முடித்தாலும் சந்தேகம் முழுதாகத் தீராது.

இந்த இடத்தில்தான் இறைபோசோம் டீ.என்.ஏ கைகொடுக்கிறது.

[காட்சி: கலத்தின் அசைபடம். கருவுக்குள் கருமையான புன்கரு.]

புரதம் செய்யும் இடம் இறைபோசோம் என்று உயர்தரத்தில் படித்திருப்பீர்கள். அந்த இறைபோசோம் புரதத்தால் மட்டும் ஆனதல்ல, அதன் முக்கியமான பகுதி ஆர்.என்.ஏ. அந்த ஆர்.என்.ஏயைச் செய்வதற்கான செய்தி எழுதப்பட்டிருக்கும் டீ.என்.ஏயைத்தான் இறைபோசோம் டீ.என்.ஏ என்கிறோம். ஒரு பிரதி இருந்தால் கலத்துக்குக் கட்டுப்படியாகாது. வளரும் கலத்தில் இருக்கும் ஆர்.என்.ஏயில் பெரும்பங்கு இறைபோசோமுக்குரியது. அதனால் மனிதக் கலத்தில் இது நூற்றுக்கணக்கான பிரதிகளாக, 13, 14, 15, 21, 22ஆம் நிறமூர்த்தங்களின் குறுங்கரங்களில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கிறது. ஒரே எழுத்துவரிசை மீண்டும் மீண்டும் வருவதால் இந்தப் பகுதியை வாசித்துக் கோப்பது பெரிய தலையிடி. மனித மரபணுத்தொகுதி 2003இல் முடிந்துவிட்டது என்று அறிவித்தபோதும் இந்தக் குறுங்கரங்கள் வெற்றிடமாகவே இருந்தன. 2022இல்தான் நிரப்பினார்கள்.

[காட்சி: மருதமுனையில் ஒரு கைத்தறி. பாவு நூல், நெய்த சாறன், இடையில் நெய்யாத நூல்.]

சரி, ஒரு பிரதிக்குள் என்ன இருக்கிறது? மருதமுனைத் தறியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரே பாவில் சாறன்களை அடுத்தடுத்து நெய்வார்கள். ஒன்று முடிந்ததும் கொஞ்ச நூலை நெய்யாமல் விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குவார்கள். இறக்கிய பிறகு அந்த இடைவெளியில் வெட்டு விழும். கலமும் இறைபோசோமுக்கு வேண்டிய 18எஸ், 5.8எஸ், 28எஸ் என்ற மூன்று துண்டுகளை ஒரே நீள ஆர்.என்.ஏயாகப் படியெடுக்கிறது. பிறகு இடையில் இருக்கும் ஐ.டி.எஸ் 1, ஐ.டி.எஸ் 2 என்ற இரண்டு இடைத்துண்டுகளையும் வெட்டி எறிந்துவிடுகிறது.

ஆய்வாளர்களுக்கு வேண்டியது இந்த அமைப்புத்தான். 18எஸ்ஸில் பிழை வந்தால் இறைபோசோம் கெடும், உயிர் தப்பாது. அதனால் அது கோடிக்கணக்கான ஆண்டுகளிலும் அவ்வளவாக மாறுவதில்லை. வெட்டி எறியப்படும் இடைத்துண்டில் எழுத்து மாறினால் பெரும்பாலும் கேடு வராது, ஆகவே மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். நெருங்கிய இரண்டு இனங்களைப் பிரிக்க இடைத்துண்டு, தூரத்து உறவைக் கண்டுபிடிக்க 18எஸ். பக்டீரியாவில் இதற்கு நிகரானது 16எஸ். 1977இல் கார்ல் வூஸும் ஜோர்ஜ் பொக்ஸும் இந்த ஆர்.என்.ஏயை ஒப்பிட்டுத்தான் பக்டீரியா போலத் தோன்றினாலும் பக்டீரியா அல்லாத நுண்ணுயிர்களான ஆர்க்கியா என்ற தனிக் கிளையையே கண்டார்கள்.

[காட்சி: இடுக்கியின் நுனியில் ஒரு நுளம்புக் கால். அது சிறு குழாய்க்குள் விழுகிறது.]

நுளம்புக்கு வருவோம். முழு நுளம்பும் தேவையில்லை, ஒரு கால் போதும். மீதி உடலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். காலில் இருந்து டீ.என்.ஏயைப் பிரித்து, அதைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர் இயந்திரத்தில் வைப்பார்கள். 94 பாகையளவில் இரு இழையும் பிரியும், சூடு குறையும்போது பிரதியெடுப்பைத் தொடக்கிவைக்கும் பிரைமர் என்ற சிறு டீ.என்.ஏ துண்டு ஒட்டும், 72 பாகையில் நொதியம் புதிய இழையைக் கட்டும். முப்பது சுற்றுக்குள் ஒன்று நூறு கோடி வரை பெருகும். பிரைமரை மாறாத பகுதியில் ஒட்டவைத்து, நடுவில் உள்ள மாறும் பகுதியைப் பெருக்கலாம். தொடக்கத்திலேயே பல பிரதிகள் இருப்பதால் மிகச் சிறிய மாதிரியிலும் வேலை நடக்கும்.

2010இல் வெளியான ஒரு ஆய்வில், கிழக்கு மாகாணத்தின் பல இடங்களில் பிடித்த சப்பிக்டஸ் நுளம்புகளின் 28எஸ்ஸில் ஒரு பகுதியையும் ஐ.டி.எஸ் 2ஐயும் இப்படி வாசித்தார்கள். தோற்றத்தை வைத்து 'பி' என்று குறித்தவற்றில் பெரும்பாலானவை சப்பிக்டஸ் கூட்டத்தோடு சேரவே இல்லை. தென்கிழக்காசியக் கரைகளில் உவர்நீரில் பெருகும் சண்டைக்கஸ் என்ற கூட்டத்தோடு போய் நின்றன! மிதவை வரிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது தெரிந்திருக்காது. எனக்கு இந்த ஆய்வில் பிடித்ததே அதுதான். இனம் மாறினால் முட்டையிடும் இடமும் மாறும். வயல் வாய்க்காலில் மருந்து தெளித்துவிட்டு வாவிக்கரையை விட்டுவிட்டால் பயனில்லை.

[காட்சி: இரத்தத் தடவலில் மலேரியா ஒட்டுண்ணி.]

ஒட்டுண்ணியைக் கண்டுபிடிக்கவும் இதே வழிதான். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் வெளிநாட்டில் தொற்றி வருபவர்கள் உண்டு. இரத்தத்தில் ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருந்தால் நுணுக்குக்காட்டிக்குத் தப்பிவிடும். 1993 முதல் பயன்படும் பி.சி.ஆர் முறை ஒன்று ஒட்டுண்ணியின் 18எஸ்ஸைத் தேடி, எந்த இன மலேரியா என்பதையும் சொல்லிவிடுகிறது.

ஒட்டுண்ணியின் இறைபோசோம் டீ.என்.ஏயும் ஒரு விசித்திரம். நூற்றுக்கணக்கில் இல்லை, பத்துக்கும் குறைவு. வரிசையாகவும் இல்லை, வெவ்வேறு நிறமூர்த்தங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவை ஒன்றுபோலவும் இல்லை. மனித இரத்தத்தில் இருக்கும்போது ஒரு வகை வேலை செய்யும், நுளம்புக்குள் போனதும் இன்னொரு வகை.

[காட்சி: ஒரு கண்ணாடிப் போத்தலில் வாவித் தண்ணீர்.]

ஒரு போத்தல் வாவித் தண்ணீரை வடிகட்டி, அதில் உதிர்ந்திருக்கும் டீ.என்.ஏயில் இருந்து மீன்களின் பட்டியலும் எடுக்கலாம். அதற்கு இழைமணியில் உள்ள 12எஸ் என்ற இறைபோசோம் பரம்பரையலகு பயன்படுகிறது. எந்த மீன் இருக்கிறது என்று சொல்லும். மட்டக்களப்பு வாவியின் 'பாடும் மீன்' கதையை நினைத்து, எது பாடுகிறது என்று கேட்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் இது சரிவராது. ஈ. கோலை என்ற பக்டீரியாவையும் வயிற்றுளைவு தரும் ஷிகெல்லாவையும் 16எஸ் பிரிக்காது, அவ்வளவு நெருங்கியவை. பிரதி எண்ணிக்கை இனத்துக்கு இனம் வேறுபடுவதால், கிடைக்கும் டீ.என்.ஏயின் அளவை வைத்து 'இது இத்தனை உயிரி' என்று கணக்குப் போட்டால் பிழையாகிவிடும். மழைக்காலத்தில் நம்மை வாட்டும் டெங்கு வைரசையும் இதில் தேட முடியாது. வைரசுக்குச் சொந்த இறைபோசோமே கிடையாது, நம்முடையதை எடுத்துத்தான் பிழைக்கிறது. அதற்கு வைரசின் ஆர்.என்.ஏயையே நேராகத் தேட வேண்டும்.